தக்காளி எங்கே ஒளிந்தது?

(குறுவள மையக் கூட்டத்தில், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளைக் கையாளும் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குழந்தைப் பாடல்களைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். இந்த அரங்கில் பாதிப் பேர் தொடக்கநிலை ஆசிரியர்கள். குழந்தைப் பாடலில் என்னைவிட உங்களுக்குத்தான் அனுபவம் அதிகம். நான் தமிழ்ப் பட்டதாரி ஆசிரியை. பதினாறு ஆண்டுகள் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு மட்டுமே பாடம் எடுத்தவள். ஒரே ஓர் ஆண்டு ஒன்றாம் வகுப்பில் இருந்தேன். அந்த ஓராண்டில் நான் செய்த தவறுகளையும், பிறகு கற்றுக்கொண்டதையும் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எங்கள் பள்ளி கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டிய ஊரில் உள்ள நடுநிலைப் பள்ளி. அங்கே என் நிரந்தரப் புலம்பல் ஒன்று உண்டு. செய்யுள் என்று சொன்னதும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். உரைநடைக்குக் கை தூக்குபவர்கூடச் செய்யுளுக்குத் தலையைக் குனிந்துகொள்வார். "கீழ் வகுப்பிலேயே பாட்டுல ஆசை வர வச்சிருந்தா இப்படி ஆகுமா?" என்று ஆசிரியர் அறையில் நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒன்றாம் வகுப்பு ஆசிரியை மகப்பேறு விடுப்பில் சென்றபோது தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். "மேடம், முற்பகல் மட்டும் ஒண்ணாம் வகுப்பைப் பாத்துக்குங்க. ஒரு வருஷந்தான்" என்றார். என் புலம்பலுக்குக் கிடைத்த பதில் என்று அதை எடுத்துக்கொண்டேன்.

முதல் பாட்டு, முதல் தவறு

வகுப்பில் 23 குழந்தைகள். வீட்டில் தமிழ் பேசுபவர்கள் ஒன்பது பேர். மற்றவர்களில் பெரும்பாலோர் வீட்டில் தெலுங்கு, சிலர் வீட்டில் கன்னடம். எல்லைப் பகுதியில் பணியாற்றுபவர்களுக்கு இது புதிதல்ல.

முதல் வாரமே ஒரு பாட்டு எடுத்தேன். எப்படி எடுத்தேன் தெரியுமா? எட்டாம் வகுப்புக்கு எடுப்பதைப் போலவே எடுத்தேன். கரும்பலகையில் எழுதினேன். ஒவ்வோர் அடியாகப் படித்தேன். "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டேன். கடைசியில், "நாளைக்கு எல்லாரும் மனப்பாடமாச் சொல்லணும்" என்றேன்.

மறுநாள் ஒவ்வொருவராக எழுப்பினேன். மூன்றாவது வரிசையில் ஒரு சிறுமி. பெயர் வேண்டாம். எழுந்து நின்றாள். வாய் திறக்கவில்லை. "சொல்லு" என்றேன். இரண்டாவது முறை கொஞ்சம் குரலை உயர்த்தியே சொன்னேன். கண்ணில் நீர் திரண்டது. உட்காரச் சொல்லிவிட்டு அடுத்தவளை எழுப்பினேன்.

அடுத்த இரண்டு நாளும் அவள் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் பாட்டி கையைப் பிடித்து அழைத்து வந்தார். தெலுங்கு கலந்த தமிழில் அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "டீச்சரம்மா, பாட்டு சொல்ல வரலன்னு பயந்துக்கினு வயித்து வலின்னு சொல்லுதும்மா. ஆனா வூட்டுல அந்தப் பாட்டத்தான் பாடிக்கினே கீது."

வீட்டில் பாடுகிறாள், வகுப்பில் பாடவில்லை. ஏழாம் வகுப்பில் தலை குனிகிற பிள்ளை எங்கே உருவாகிறது என்று பதினாறு ஆண்டுகளாகத் தேடினேன். அது என் கண் முன்னாலேயே, என் கையாலேயே உருவாகிக்கொண்டிருந்தது. பாட்டைப் பாடமாக்கி, பாடத்தைத் தேர்வாக்கி, தேர்வைப் பயமாக்க எனக்கு இரண்டே நாள் போதுமானதாக இருந்தது.

காது, உடம்பு, பிறகுதான் கண்

அன்று மாலை நம் முன்னோர் என்ன செய்தார்கள் என்று யோசித்தேன். பிள்ளைத்தமிழை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். பத்துப் பருவம் என்று ஒரு மதிப்பெண் வினாவுக்கு மனப்பாடமும் செய்திருக்கிறோம். அந்தப் பருவங்களைக் குழந்தையின் பக்கத்திலிருந்து பாருங்கள். செங்கீரை என்பது குழந்தை கையையும் காலையும் ஊன்றித் தலையை அசைக்கும் பருவம். தால் என்பது நாவசைத்துத் தாலாட்டும் பருவம். சப்பாணி என்பது கை கொட்டும் பருவம். அம்புலி என்பது நிலாவைக் கைநீட்டி விளையாட அழைக்கும் பருவம். பாட்டைக் குழந்தையின் உடம்பு வளரும் கணக்கில் பகுத்து வைத்திருக்கிறார்கள். பொருள் சொல்லும் பருவம் என்று ஒன்றுகூட அதில் இல்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. தமிழில் குழந்தைகளுக்காக எழுதியவர்களில் எத்தனை பேர் நம் தொழில்காரர்கள்! 1915-இல் பாப்பா பாட்டை எழுதிய பாரதி, அதற்கு முன் 1904-இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியர். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை ஆசிரியராக வாழ்ந்தவர். இளைஞர் இலக்கியம் தந்த பாரதிதாசன் புதுச்சேரியில் பள்ளி ஆசிரியர். சாகித்திய அகாதெமி 2010-இல் குழந்தை இலக்கியத்துக்குப் பரிசு தரத் தொடங்கியபோது தமிழுக்கான முதல் பரிசைச் 'சோளக்கொல்லைப் பொம்மை' என்ற பாடல் நூலுக்காகப் பெற்ற ம.இலெ. தங்கப்பா, ஆசிரியராகவும் பேராசிரியராகவும் பணியாற்றியவர். குழந்தைக் கவிஞர் என்றே பெயர் பெற்ற அழ. வள்ளியப்பா மட்டும் வங்கி ஊழியர். பாட்டு நம் வகுப்பறைக்கு வெளியிலிருந்து வந்த விருந்தாளி அல்ல என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அடுத்த வாரத்திலிருந்து வரிசையை மாற்றினேன். வாரத்துக்கு ஒரே பாட்டு. திங்கட்கிழமை நான் பாடுவேன், அவர்கள் கேட்டால் போதும். புத்தகமும் வேண்டாம், கரும்பலகையும் வேண்டாம். விரும்பியவர்கள் கடைசிச் சொல்லை மட்டும் சேர்ந்து சொல்லலாம். செவ்வாய்க்கிழமை கைதட்டல், கால்தட்டல், அபிநயம். புதன்கிழமை படம். வியாழக்கிழமை எழுத்து அட்டை. வெள்ளிக்கிழமை பாட்டை மாற்றி விளையாடுதல். யாரையும் தனியாக எழுப்பிச் சொல்லச் சொல்வதில்லை என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன்.

எனக்குக் குரல் வளம் கிடையாது. இதைச் சொல்லக் காரணம், "எனக்குப் பாட வராது மேடம்" என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள் என்பதுதான். குழந்தைக்கு ராகம் தேவையில்லை, தாளம் போதும். மேசையில் விரலால் தட்டிக்கொண்டு, சொல்லைத் தாளத்தில் நிறுத்திச் சொன்னாலே பாட்டுதான். தாளம் தப்பினால் குழந்தைகளே திருத்திவிடுவார்கள். அப்படித் திருத்தும்போது அவர்களுக்கு வரும் பெருமை தனி.

'மேக கிந்த'

எங்கள் பக்கம் தக்காளி விளையும் ஊர். ராயக்கோட்டைச் சந்தைக்குக் கூடை கூடையாகப் போகும். குழந்தைகள் தினமும் பார்ப்பது அதுதான். புத்தகத்தில் உள்ள பாட்டுகளோடு, ஊரில் உள்ளதை வைத்தும் ஒரு பாட்டு கட்டலாமே என்று ஒருநாள் தோன்றியது. நான் ஓர் அடி சொல்ல, அவர்கள் ஓர் அடி சொல்ல, இப்படி வந்தது:

தக்காளிக் கூடை தலைமேலே
தாத்தா போறார் வழிமேலே
ஒண்ணு விழுந்து உருண்டுச்சு
ஓடிப் போயி ஒளிஞ்சுச்சு

இலக்கணம் பார்க்காதீர்கள், நான் தமிழாசிரியை என்பதையும் கொஞ்சம் மறந்துவிடுங்கள். அவர்கள் சொன்ன பேச்சுத்தமிழை அப்படியே விட்டேன்.

புதன்கிழமை வந்தது. "தக்காளி எங்க ஒளிஞ்சுச்சு? வரஞ்சு காட்டுங்க" என்றேன். ஒருவன் சைக்கிள் சக்கரத்துக்குப் பின்னால் வரைந்தான். ஒருத்தி அம்மாவின் முந்தானையில் வரைந்தாள். ஒருவன் தாள் முழுக்கச் சிவப்பாகத் தீட்டிவிட்டு, "லாரி ஏறிடுச்சு டீச்சர்" என்றான்.

அந்தச் சிறுமியின் தாளில் நான்கு கோடுகள். அவற்றின் மேல் ஒரு நீள்வட்டம். கீழே ஒரு சிவப்புப் புள்ளி. "எங்கம்மா ஒளிஞ்சிருக்கு?" என்று கேட்டேன். பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அவள் மெதுவாகச் சொன்னாள்: "மேக கிந்த."

வகுப்பில் அவள் பேசிய முதல் சொல் அது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அவளைத் திருத்தினேன். "மேகம் மேலதானே இருக்கும்? தக்காளி தரையில உருண்டு போச்சே" என்றேன். மேலே கை காட்டி, "மேகம்... வானத்துல" என்று பாடமும் நடத்தினேன். அவள் தன் தாளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். வாய் மறுபடி மூடப்போகிறது என்பது எனக்கே தெரிந்தது.

பக்கத்தில் இருந்த பையன் குறுக்கிட்டான். "டீச்சர், மேகன்னா ஆடு டீச்சர்! ஆட்டுக்கு அடியில ஒளிஞ்சிக்கிச்சாம்."

தெலுங்கில் மேக என்றால் ஆடு. கிந்த என்றால் கீழே. அந்த நான்கு கோடுகள் ஆட்டின் கால்கள். அவள் படமும் சரி, பதிலும் சரி. தவறு என் காதில்தான் இருந்தது.

குழந்தைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, "எனக்குத் தெரியலம்மா, நீ சொன்னதுதான் சரி" என்றேன். பிறகு அதைப் பாட்டிலேயே சேர்த்தோம். நான்கு அடி முடிந்ததும் நான் "எங்கே? எங்கே?" என்பேன். மொத்த வகுப்பும் "மேக கிந்த! மேக கிந்த!" என்று கத்தும். தமிழ் பேசும் குழந்தைகளும் கத்தினார்கள். அந்த வார முடிவில் அவள்தான் எல்லோருக்கும் முன்னால் கத்தினாள்.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த பாடத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். ஒரு குழந்தை வகுப்பில் பேசவில்லை என்றால், அதற்கு ஒன்றும் தெரியாது என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். அதற்குத் தெரிந்தது வேறு மொழியில் இருக்கலாம், அல்லது இன்னும் சொல்லாக மாறாமல் இருக்கலாம். கேள்வி கேட்டால் அது வெளியே வராது. பாட்டும் படமும் சேரும்போது வருகிறது. பாட்டில் கூட்டத்தோடு ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது, படத்தில் சொல் இல்லாமலே பதில் சொல்ல வழி இருக்கிறது என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பிறகு அந்தப் பாட்டியை ஒருநாள் வகுப்புக்கு அழைத்தோம். நிலாவைக் கூப்பிடும் தெலுங்குப் பாட்டு ஒன்றைப் பாடினார். நிலா தெலுங்கில் சந்தமாமா. தமிழில் அம்புலிமாமா. இரண்டிலும் மாமாதான்! 1947-இல் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய அந்தச் சிறுவர் இதழை நாமெல்லாம் படித்து வளர்ந்தோமே, அதன் பெயரே இதற்குச் சாட்சி. இரண்டு மொழிக்கும் பொதுவான ஒரு மாமா கிடைத்ததில் குழந்தைகளுக்கு அவ்வளவு மகிழ்ச்சி. வீட்டு மொழியை வகுப்புக்குள் விட்டால் தமிழ் கெட்டுவிடும் என்ற பயம் எனக்கும் இருந்தது. நடந்தது வேறு. தன் சொல்லை நாம் ஏற்றுக்கொண்டதும், நம் சொல்லை ஏற்கக் குழந்தை தயாராகிவிடுகிறது.

படம் எப்போது, எப்படி?

இனி படங்களைப் பற்றி. படப்பாடல் அட்டை எல்லா வகுப்பிலும் மாட்டியிருக்கிறது. அதை எப்போது காட்டுவது என்பதில் நாம் அதிகம் கவனம் வைப்பதில்லை. ஒரு மழைப் பாட்டுக்கு முதலிலேயே படத்தைக் காட்டினேன். படத்தில் ஒரு சிறுவன் குடை பிடித்திருந்தான். பாட்டு முடிந்து, "மழை வந்தா என்ன ஆகும்?" என்று கேட்டேன். எல்லோரும் ஒரே குரலில் "குடை" என்றார்கள். எங்கள் குழந்தைகளில் பலர் மழையில் உரச் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள். அந்தச் சாக்கு யார் வாயிலும் வரவில்லை. சொல் தர வேண்டிய காட்சியைப் படம் முந்திக்கொண்டு தந்துவிட்டது. அதனால்தான் என் வரிசையில் முதலில் குழந்தையின் படம், பிறகு அச்சுப் படம்.

ஆனால் இதையும் கண்மூடித்தனமான விதியாக்க முடியாது. தமிழ் தெரியாத குழந்தைக்குப் பாட்டில் வரும் பூனை எது, கிளி எது என்று தெரியாவிட்டால், வெறும் சத்தம் மட்டும்தான் காதில் விழும். அதற்கு நான் கண்ட வழி, முழுக் காட்சியைக் காட்டாமல் ஒற்றைப் பொருளைக் காட்டுவது. பூனையின் படம் ஒன்று, சிறிய அட்டையில். முடிந்தால் பொருளையே காட்டுவது. தக்காளிப் பாட்டுக்குச் சமையல் அம்மாவிடம் ஒரு தக்காளி வாங்கிவந்தேன். சொல்லுக்கு உதவ ஒற்றைப் படம் முதலில், கற்பனையை விரிக்கும் பெரிய படம் பிறகு. இந்த இரண்டும் வேறு வேறு வேலை என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

நல்ல படம் எது? பாட்டு சொன்னதையே திரும்பச் சொல்லும் படம் சுமாரான படம். பாட்டு சொல்லாத ஒன்றை ஓரத்தில் வைத்திருப்பது நல்ல படம். பாட்டில் பாட்டி தயிர் கடைகிறாள் என்றால், படத்தின் மூலையில் பானைக்குப் பின்னால் ஒரு வால் மட்டும் தெரிய வேண்டும். குழந்தை கண்டுபிடித்துச் சொல்லும். அங்கே பேச்சு தொடங்கும்.

படங்களில் இன்னொன்றையும் பாருங்கள். பல அட்டைகளில் குழந்தைகள் எல்லோரும் வெளுப்பாக இருப்பார்கள். அம்மா அடுப்படியிலேயே நிற்பார், அப்பா செய்தித்தாள் படிப்பார். எங்கள் வகுப்பில் ஒரு பையன் முகம் வரையும்போது "தோல் கலர் குடு" என்று கேட்டான். அவன் கேட்டது வெளிர் ரோஜா நிற மெழுகுக்குச்சி. அவன் கை நல்ல கறுப்பு. கையைத் தாளின் பக்கத்தில் வைக்கச் சொல்லி, பெட்டியிலிருந்து அதே நிறத்தை எடுக்கச் சொன்னேன். பழுப்பை எடுத்தான். அதற்குமேல் நான் ஒன்றும் பேசவில்லை. பழைய பாடல்களிலும் நிறத்தையும் உடற்குறையையும் கேலி செய்யும் அடிகள் உண்டு. காலங்காலமாகப் பாடியது என்பதற்காக அவற்றை எடுக்க வேண்டியதில்லை. நம்மிடம் நல்ல பாட்டுக்குப் பஞ்சம் இல்லை.

பாடல் அட்டை செய்யும் முறை

செலவில்லாமல் செய்வது எப்படி என்று சிலர் கேட்டார்கள். இதோ, நான் கொண்டுவந்திருக்கும் இந்தப் பழைய காலண்டர் தாள். பின்பக்கம் வெள்ளை. நான்கு அடிகளுக்கு மேல் எழுதுவதில்லை. ஓர் அடியில் மூன்று அல்லது நான்கு சொற்கள். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரிய வேண்டும் என்பதால் எழுத்து ஏறக்குறைய இரண்டு அங்குல உயரம். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே நன்றாக இடைவெளி. பாடும்போது மூச்சு விடும் இடத்தில்தான் அடி முடிய வேண்டும். இடம் போதவில்லை என்று சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகக் கூடாது. படத்துக்குக் கீழே பாதித் தாளைக் காலியாக விட்டுவிடுங்கள், அங்கே குழந்தைகளின் படம் ஒட்டப்படும்.

வியாழக்கிழமை இந்த அட்டையை மாட்டும்போது பாட்டு ஏற்கெனவே அவர்கள் வாயில் இருக்கும். ஒரு குச்சியால் சொல் சொல்லாகத் தொட்டுக்கொண்டே பாடுவோம். வாயில் வரும் சொல்லும் குச்சி தொடும் சொல்லும் ஒன்று என்று குழந்தைக்குப் புரியும் கணம் முக்கியமானது. பிறகு நடுவில் குச்சியை நிறுத்துவேன். "இது என்ன சொல்?" பாட்டை முதலிலிருந்து மனதுக்குள் ஓட்டிப் பார்த்துச் சொல்வார்கள். தக்காளி, தலை, தாத்தா என்று த வரிசை தானாகவே கண்ணில் படும். எண்ணும் எழுத்தும் வகுப்பில் அரும்பு நிலையில் இருக்கும் குழந்தைக்கும் இதில் ஒரு வேலை உண்டு, மலர் நிலையில் இருக்கும் குழந்தைக்கும் ஒரு வேலை உண்டு. ஒருவர் எழுத்தைத் தேடுவார், ஒருவர் சொல்லைப் படிப்பார், ஒருவர் புதிய அடி எழுதுவார். பாட்டு ஒன்றுதான்.

பாட்டுக்கு நேரம் ஏது என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். நான் கூடுதல் நேரம் எடுக்கவில்லை. எழுத்துப் பயிற்சிக்கு ஒதுக்கிய நேரத்தில்தான் இதைச் செய்தேன். சத்தம் வரும், அது உண்மை. பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர்களுக்கு விளையாட்டுப் பாடவேளை இருக்கும் நேரத்துக்குப் பாட்டை மாற்றிக்கொண்டேன்.

கைபேசியிலும் திரையிலும் ஆடும் பாடல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நானும் போட்டுக் காட்டினேன். குழந்தைகள் அசையாமல் பார்த்தார்கள், ஆனால் பாடுவதை நிறுத்திவிட்டார்கள். திரை யாருக்காகவும் காத்திருக்காது. ஒரு குழந்தை தடுமாறினால் நாம் நிறுத்துவோம், அது நிறுத்தாது. அதனால் இப்போது ஒலியை மட்டும் கேட்க வைக்கிறேன். அல்லது பாட்டை முழுக்கக் கற்ற பிறகு, "நம்ம படமும் அவங்க படமும் ஒண்ணா?" என்று ஒப்பிட்டுப் பார்க்கக் காட்டுகிறேன்.

ஏழாம் வகுப்பும் ஒன்றாம் வகுப்பும்

உயர் வகுப்பு ஆசிரியர்கள் இதுவரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். இனி உங்களுக்கு. முற்பகல் நான் கற்றது, பிற்பகல் ஏழாம் வகுப்பில் உதவியது.

ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன். சரளமாக வாசிக்க வராது. பதின்மூன்று வயதுப் பையன் கையில் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்து வாசி என்றால் அவமானப்படுவான். கொடுத்துப் பார்த்தும் இருக்கிறேன், முகத்தைத் திருப்பிக்கொண்டான். பாடல் அட்டை எழுத ஆள் தேவைப்பட்டபோது அவனிடம் சொன்னேன்: "குட்டிப் பசங்களுக்குப் பெரிய எழுத்துல எழுதித் தரணும். நீயே வந்து அவங்களுக்குப் பாடியும் காட்டணும். தப்பு வந்தா அவங்க கத்துக்குவாங்க, பாத்துக்கோ."

நான்கு அடிகளை எழுதிப் பார்த்து, என்னிடம் காட்டி, திருத்தி, பலமுறை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தான். ஒன்றாம் வகுப்பு வாசிப்புதான். ஆனால் அவனுக்கு அது அண்ணன் வேலை. குழந்தைகள் "அண்ணா, இன்னொரு தடவ" என்று கேட்டபோது அவன் முகத்தை நான் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு வாரம் ஒருவர் என்று முறை வைத்தோம். நன்றாகப் படிப்பவர், படிக்கத் திணறுபவர் என்ற பிரிவே அங்கே வெளியில் தெரியவில்லை.

செய்யுள் வகுப்பையும் மாற்றிக்கொண்டேன். இப்போது முதல் பாடவேளையில் பொருள் சொல்வதில்லை. இரண்டு முறை, மூன்று முறை நன்றாகச் சந்தத்தோடு படிக்கிறேன். பிறகு, "இந்தப் பாட்டுல உங்க கண்ணுக்குத் தெரிஞ்ச ஒரே ஒரு பொருளை வரைங்க" என்கிறேன். ஒரே பொருள்தான். மலையோ, பறவையோ, ஒரு விளக்கோ. ஏன் அதை வரைந்தாய் என்று கேட்டால், பாட்டுக்குள் இருக்கும் ஒரு சொல்லைக் காட்டுவார்கள். அந்தச் சொல்லிலிருந்து பொருள் விளக்கம் தொடங்குகிறது. புரியாமல் தவறான பொருளை வரைபவர்களும் உண்டு. அதுவும் நல்லதுதான், எங்கே புரியவில்லை என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது. மனப்பாடப் பகுதி இன்னும் இருக்கிறது, தேர்வும் இருக்கிறது. ஆனால் இருபது முறை காதில் விழுந்த பாட்டை மனப்பாடம் செய்ய யாரும் தனியாக உட்கார வேண்டியிருக்கவில்லை.

நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். ஏழாம் வகுப்பு முழுவதும் செய்யுளை நேசிக்கத் தொடங்கிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். சிலர் இன்னும் தலை குனிகிறார்கள். முன்பு அவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். இப்போது, எந்த வகுப்பில், எந்த நாளில் இவர்களை யார் எழுப்பி நிறுத்தினார்களோ என்று தோன்றுகிறது.

முடிவாக

அந்தச் சிறுமி இப்போது இரண்டாம் வகுப்பில் இருக்கிறாள். வாசிப்பில் இன்னும் கொஞ்சம் பின்தங்கித்தான் இருக்கிறாள். விடுப்பு முடிந்து ஆசிரியை வந்துவிட்டார், நான் மறுபடி என் ஆறு, ஏழு, எட்டுக்குத் திரும்பிவிட்டேன். வராண்டாவில் என்னைப் பார்த்தால் அவள் பெயர் சொல்லியோ, தமிழ் டீச்சர் என்றோ கூப்பிடுவதில்லை. "மேக கிந்த டீச்சர்!" என்றுதான் கூப்பிடுகிறாள். தலைமையாசிரியருக்கு அது என்ன என்று விளக்க எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் உங்கள் பள்ளி உள்ள ஊரில், ஒரு குழந்தையின் பாட்டியிடமோ தாத்தாவிடமோ கேட்ட ஒரு பாட்டைக் கொண்டுவாருங்கள். தமிழ்ப் பாட்டாக இருந்தாலும் சரி, தெலுங்கு, கன்னடம், உருது எதுவாக இருந்தாலும் சரி. பழைய காலண்டர் தாளில் எழுதி, பாதியைக் காலியாக விட்டுக் கொண்டுவாருங்கள். மீதியை நம் குழந்தைகள் வரைவார்கள்.

நாளைக் காலை வகுப்பில் யாரையும் எழுப்பி நிறுத்தாமல் ஒரு பாட்டைப் பாடிப் பாருங்கள். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குழந்தையின் காலைக் கொஞ்சம் கவனியுங்கள். அது தாளம் போட்டுக்கொண்டிருக்கும்.